புளி தட்டும்போது வருகிற யோசனை

மாசி, பங்குனியில் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிராமங்களுக்குள் போனால் வாசலுக்கு வாசல் புளி காய்ந்துகொண்டிருக்கும். உலுக்கி இறக்கிய பழத்தின் ஓட்டை உடைத்து, நாரை உருவி, கல்லின்மேல் வைத்துத் தட்டிக் கொட்டையை எடுக்க வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. நாலைந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். முதலில் கொஞ்ச நேரம் ஊர்க்கதை. அப்புறம் யாராவது ஒரு விடுகதை போடுவார்கள்.

“அம்மா படுத்திருப்பா, மகள் ஓடித் திரிவா. என்னக்கா அது?”

“அம்மியும் குழவியும். எங்க பாட்டி காலத்துது இது, வேற போடு.”

பிறகு பேச்சு ஓய்ந்துவிடும். கை மட்டும் தட்டிக்கொண்டே இருக்கும். நல்ல நேரம் கழித்து, ஒருத்தி சம்பந்தமே இல்லாமல் ஆரம்பிப்பாள்: “ஏக்கா, பால் முழுசையும் சொசைட்டிக்கே ஊத்தாம, பாதியைத் தயிராக்கி வித்தா என்ன?” அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

பேச்சு ஓய்ந்ததற்கும் இந்தக் கேள்விக்கும் நடுவே அவள் தலைக்குள் என்ன நடந்தது என்பதை உளவியலாளர்களும் மூளை ஆய்வாளர்களும் கொஞ்ச காலமாகவே தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் “படைப்பாற்றல் வளர தினமும் அமைதியான நேரம் ஒதுக்குங்கள்” என்ற அறிவுரை. அறிவுரை தப்பில்லை. ஆனால் சொல்கிறவர்கள் பெரும்பாலும் பாய், தியானம், தனி அறை என்று போய்விடுகிறார்கள். இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறவருக்கும், மாட்டைக் கறந்துவிட்டு சமையலுக்கு ஓடுகிறவருக்கும் இதில் எதுவும் ஒத்துவராது. ஆய்வுகளைக் கொஞ்சம் கவனித்துப் படித்தால் தனி அறை தேவைப்படுவதாகவே தெரியவில்லை. தேவைப்படுபவை மூன்று: முன்கூட்டியே மனதில் போட்டு வைத்த ஒரு கேள்வி, கைக்கோ காலுக்கோ லேசான ஒரு வேலை, அந்த நேரத்தில் வெளியிலிருந்து எதுவும் உள்ளே வந்து கொட்டாமல் இருப்பது. புளி தட்டும் வாசலில் மூன்றுமே இருக்கின்றன.

முதலில் மூளையைப் பார்த்துவிடலாம். உடல் எடையில் மூளை ஏறத்தாழ 2 சதவீதம்தான். உடல் செலவழிக்கும் ஆற்றலில் அதன் பங்கு ஏறத்தாழ 20 சதவீதம். கடினமான கணக்கு ஒன்றைப் போடும்போது இது எகிறிவிடும் என்றுதான் நமக்குத் தோன்றும். கூடுவது மிகக் கொஞ்சம், 5 சதவீதத்துக்கும் குறைவு. அப்படியானால் கணக்குப் போடாதபோது மூளை எதற்காக இவ்வளவு செலவு செய்கிறது? அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மார்கஸ் ரெய்க்லும் அவருடைய குழுவினரும் 2001-ல் இதற்கு ஒரு விடை வைத்தார்கள். ஆய்வுக்கு வந்தவர்களிடம் ஏதாவது வேலையைக் கொடுத்தால் மூளையின் சில பகுதிகள் அடங்கின. வேலையை நிறுத்தி வெறுமனே இருக்கச் சொன்னால் அதே பகுதிகள் விழித்துக்கொண்டன. பழைய நினைவு, நாளைய திட்டம், அடுத்தவர் மனதில் என்ன ஓடும் என்ற கணிப்பு ஆகியவற்றோடு தொடர்புடைய பகுதிகள் அவை. இந்தக் கூட்டத்துக்கு ‘இயல்புநிலை வலைப்பின்னல்’ என்று பெயர் வந்தது. அதுவரை ‘ஓய்வு’ என்று எழுதி ஓரமாக ஒதுக்கி வைத்திருந்த பக்கத்தில்தான் பாதிக் கதை இருந்திருக்கிறது.

இதை மட்டும் வைத்துக்கொண்டு, வெறுமனே உட்கார்ந்தால் போதும் என்று சொல்லிவிட முடியாது. 2018-ல் ரோஜர் பீட்டியும் சக ஆய்வாளர்களும் 163 பேரின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். புதுமையாக யோசிப்பவர்களிடம் இந்த வலைப்பின்னலும், கவனத்தைக் கட்டுப்படுத்துகிற இன்னொரு வலைப்பின்னலும் நன்றாகப் பின்னிக்கொண்டு வேலை செய்தன. பொதுவாக ஒன்று எழுந்தால் மற்றொன்று அடங்குகிற இரண்டு அவை. அலைகிற மனமும் அதைக் கட்டுக்குள் வைக்கிற மனமும் சேர்ந்தால்தான் காரியம் ஆகிறது.

மூளைப் படங்கள் வருவதற்கு முன்பே இந்த வரிசையைக் கண்டுகொண்டவர்கள் உண்டு. கிரகாம் வாலஸ் என்ற ஆங்கிலேயர் 1926-ல் யோசனை பிறக்கும் விதத்தை நான்கு கட்டமாகப் பிரித்தார். முதலில் பிரச்சினையோடு மல்லுக்கட்டித் தயாராவது. அடுத்தது அதை அப்படியே விட்டு வைப்பது. மூன்றாவது சட்டென்று விடை தோன்றுவது. கடைசியாக, தோன்றியது சரிதானா என்று சோதிப்பது. இரண்டாவது கட்டத்தை நம் ஊரில் களி கிண்டத் தெரிந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கொதிக்கிற உலையில் கேழ்வரகு மாவைக் கொட்டியவுடன் கட்டையைப் போட்டுக் கிளறினால் கட்டி தட்டும். நடுவில் ஒரு குழி பண்ணி, கொஞ்ச நேரம் தொடாமல் வேகவிட்டு, அப்புறம்தான் கிளற வேண்டும். ஆனால் மாவே போடாமல் உலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் களி வராது. மாவு போடுவதுதான் வாலஸின் முதல் கட்டம். ‘மனதை அலையவிடுங்கள்’ என்று எழுதுகிற பலரும் அதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள்.

பிரெஞ்சுக் கணித மேதை ஆன்றி பாய்ன்கரே ஒரு கணக்கோடு நாள்கணக்கில் போராடிவிட்டு ஒரு பயணத்துக்குக் கிளம்பினார். கணக்கே மறந்துபோயிருந்த நேரம். வண்டியில் ஏறப் படியில் கால் வைத்த கணத்தில் விடை வந்தது என்று பின்னாளில் அவரே பதிவு செய்திருக்கிறார். நமக்கு நெருக்கமான உதாரணம் சி.வி. ராமன். 1921-ல் ஐரோப்பாவிலிருந்து ‘நர்குண்டா’ கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தபோது மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. வானத்தின் நிறம்தான் கடலில் தெரிகிறது என்று ஆங்கில இயற்பியலாளர் ராலே பிரபு சொல்லியிருந்தார். மேல்தளத்தில் நின்று பார்த்தவருக்கு அந்த விளக்கம் போதவில்லை. தண்ணீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற பாதையில் அவர் நடக்கத் தொடங்கியது அங்கேதான். அது 1928 பிப்ரவரி 28-ல் ராமன் விளைவில் போய் நின்றது. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் கடலையும் நீலத்தையும் சொல்வார்கள். ஒளியியலில் அவர் ஏற்கெனவே பல வருடம் ஊறியிருந்ததையும், வழக்கமான வேலைகளை விட்டுவிட்டுக் கப்பலில் இருந்ததையும் சொல்ல மாட்டார்கள். கூடப் பயணித்த அத்தனை பேரும் அதே கடலைத்தான் பார்த்தார்கள்.

கதைகள் போகட்டும், சோதனைக்கு வருவோம். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகத்தில் பெஞ்சமின் பேர்டும் சக ஆய்வாளர்களும் செய்த ஆய்வு 2012-ல் வெளியானது. 145 பேர். செங்கல் மாதிரி சாதாரணப் பொருள் ஒன்றைச் சொல்லி, அதை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று 2 நிமிடத்தில் எழுதச் சொன்னார்கள். அடுத்து 12 நிமிட இடைவெளி. ஒரு குழுவுக்குக் கவனம் முழுவதையும் கேட்கிற வேலை. இன்னொரு குழுவுக்குச் சுலபமான, சலிப்பான வேலை. மூன்றாவது குழு வெறுமனே உட்கார்ந்தது. நான்காவது குழுவுக்கு இடைவெளியே இல்லை. இடைவெளிக்குப் பிறகு அதே பொருள்களையும், புதிதாகச் சிலவற்றையும் கொடுத்து மறுபடி எழுதச் சொன்னார்கள்.

சுலபமான வேலை செய்த குழு மட்டும் பழைய பொருள்களில் ஏறத்தாழ 40 சதவீதம் முன்னேறியது. வெறுமனே உட்கார்ந்தவர்களுக்கு அந்த முன்னேற்றம் இல்லை. புதிய பொருள்களில் எந்தக் குழுவுக்கும் பெரிய லாபம் கிடைக்கவில்லை. ஏற்கெனவே மனதில் விழுந்த கேள்விக்குத்தான் இந்த வித்தை பலித்தது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இதே சோதனையைத் திரும்பச் செய்து பார்த்த சிலருக்கு இந்த வித்தியாசம் கிடைக்கவில்லை. அதனால் 40 என்ற எண்ணை வேதவாக்காக எடுக்கக் கூடாது. எந்த மாதிரி லேசான வேலை என்பதும் முக்கியம் போலிருக்கிறது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் சக்கரி இர்விங்கும் அவருடைய குழுவினரும் ஒரு பாதிப் பேருக்கு இரண்டு பேர் துணி மடித்துக்கொண்டிருக்கிற காணொளியையும், மற்றவர்களுக்கு ஓரளவு சுவாரசியமான திரைக்காட்சி ஒன்றையும் காட்டினார்கள். மனம் அலைந்ததால் யோசனை கூடியது இரண்டாவது கூட்டத்தில்தான். அடியோடு சலிப்பான நேரத்தில் மனம் எங்கெங்கோ போய்ச் சும்மா திரும்பிவிட்டது. துணி மடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று நினைத்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. புளி வாசலில் விடுகதையும் ஊர்க்கதையும் இடையிடையே வந்து போவது வெறும் பொழுதுபோக்குக்கு அல்ல என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான். இழுத்துப் பிடித்துக்கொள்ளாத அளவுக்கு ஒரு சுவை அதில் இருக்கிறது. விடுகதை என்பதே தூரத்தில் இருக்கிற இரண்டு விஷயங்களைக் கோக்கிற பழக்கம்தானே.

இதைப் படித்துவிட்டுப் புளி தட்டுவது ஏதோ படைப்பாற்றல் பயிற்சி என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அது இடுப்பு ஒடிக்கிற, கை காய்க்கிற வேலை. கொடுக்கிற கூலியும் குறைவு. நான் சொல்ல வருவது கையைக் கேட்டு மனதைக் கேட்காத அந்த வேலையின் தன்மையை மட்டும். இந்தப் பக்கத்தில் அப்படிப்பட்ட வேலை வேறு நிறைய உண்டு. மல்லாட்டைக்கொடியிலிருந்து (நிலக்கடலை) காய் பறிப்பது, அவரை உரிப்பது, பூக் கட்டுவது, தக்காளித் தோட்டத்தில் மடை திருப்புவது. மடை திருப்புகிறவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு ஒரு பாத்தி நிறையும்வரை நிற்பார், அடைப்பார், அடுத்ததைத் திறப்பார். பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி விலை விழுந்த வாரத்தில், அடுத்த போகத்துக்கு என்ன வைக்கலாம் என்ற கணக்கு அந்த நேரத்தில்தான் ஓடும். இப்போது சொட்டு நீர் வந்துவிட்டது. தண்ணீர் மிச்சம், ஆள் மிச்சம், கண்டிப்பாக நல்லதுதான். அந்த நிற்கிற நேரம் மட்டும் போய்விட்டது.

நடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் மரிலி ஒப்பெசோவும் டேனியல் ஷ்வார்ட்ஸும் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், உட்கார்ந்திருந்ததைவிட நடக்கும்போது புதிய யோசனைகள் சராசரியாக 60 சதவீதம் கூடுதலாக வந்தன. வெற்றுச் சுவரைப் பார்த்துக்கொண்டு டிரெட்மில்லில் நடந்தாலும் பலன் இருந்தது. நடந்து முடித்து உட்கார்ந்த பிறகும் கொஞ்ச நேரம் அது நீடித்தது. ஆனால் ஒரே ஒரு சரியான விடை உள்ள கேள்விகளுக்கு நடை உதவவில்லை. கணக்கைச் சரிபார்க்க மேசை, புதுவழி தேட நடை என்று வைத்துக்கொள்ளலாம். கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைப் பக்கம் காலையில் நடக்கிறவர்களைப் பார்த்தால் பாதிப் பேர் காதில் இயர்போன். நடை இருக்கிறது, லேசான வேலை இருக்கிறது, வெளியிலிருந்து எதுவும் வந்து கொட்டாமல் இருக்கிற மூன்றாவதுதான் இல்லை.

மூன்றாவதைக் காப்பாற்றுவது ஏன் இவ்வளவு கஷ்டம்? டிமதி வில்சனும் அவருடைய குழுவினரும் 2014-ல் ஒரு விபரீதமான சோதனையை வெளியிட்டார்கள். ஆட்களைப் போன் இல்லாமல், புத்தகம் இல்லாமல், ஒரு வெற்று அறையில் யோசனையோடு மட்டும் உட்காரவைத்தார்கள். அதில் ஒரு சுற்றில், வேண்டுமானால் தனக்குத்தானே லேசான மின்அதிர்ச்சி கொடுத்துக்கொள்ளும் பொத்தானும் பக்கத்தில் இருந்தது. இந்த அதிர்ச்சி வேண்டவே வேண்டாம், காசு கொடுத்தாவது தவிர்ப்பேன் என்று முன்பே சொன்னவர்கள்தான் அவர்கள். ஆனாலும் 15 நிமிடத்தில் 18 ஆண்களில் 12 பேரும், 24 பெண்களில் 6 பேரும் பொத்தானை அழுத்திவிட்டார்கள். வெற்று அறையில் சும்மா இருப்பது அவ்வளவு கசக்கிறது. கையில் போன் இருக்கிறவர் அதை எடுக்காமல் இருப்பார் என்று எதிர்பார்ப்பதே தப்பு. கைக்கு வேறு வேலை இருந்தால்தான் போன் பைக்குள் கிடக்கும். புளிப் பிசுக்கு ஒட்டிய விரலால் திரையைத் தள்ள முடியாது என்பது சின்ன விஷயமில்லை.

ஓசூர் சிப்காட்டுக்குக் கிருஷ்ணகிரியிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர், தர்மபுரியிலிருந்து அதைப் போல இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு. போக ஒரு நேரம், வர ஒரு நேரம். நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவர் தூங்கட்டும், அதில் கை வைக்க வேண்டாம். மற்றவர்களுக்கு இது ஏற்கெனவே ஒதுக்கப்பட்டுவிட்ட நேரம், யாரிடமும் கெஞ்சி வாங்க வேண்டியதில்லை. சூளகிரி தாண்டும்வரை போனில் என்ன பார்க்க வேண்டுமோ பார்த்துக்கொண்டு, அதன்பிறகு ஜன்னல் என்று வைத்துக்கொண்டால்கூட போதும். ஏறும்போது ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு ஏற வேண்டும். ‘வாழ்க்கையில் என்ன செய்வது’ மாதிரி பெரிய கேள்வி வேண்டாம். மிஷினில் அந்த ஜாப் ஏன் அடிக்கடி ரிஜெக்ட் ஆகிறது, மாடி ஏறுகிற படியை வீட்டுக்கு உள்ளே வைப்பதா வெளியே வைப்பதா, பையனுக்குப் பின்னக் கணக்கை எதை வைத்துப் புரியவைப்பது. ஒரு வரியில் சொல்ல முடிகிற கேள்வி.

ஜோனதன் ஸ்கூலர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2019-ல் எழுத்தாளர்களிடமும் இயற்பியலாளர்களிடமும், அன்றைய நாளின் முக்கியமான யோசனை எப்போது வந்தது என்று கேட்டுப் பதிவு செய்தார்கள். ஐந்தில் ஒன்று, தங்கள் வேலையை விட்டு வேறு எதிலோ இருந்துகொண்டு, அந்த யோசனைக்குச் சம்பந்தமில்லாத எதையோ நினைத்துக்கொண்டிருந்தபோது வந்தது. மீதி நான்கு பங்கு வேலை செய்யும்போதோ, அதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தபோதோதான். அந்த ஐந்தில் ஒன்றுக்கு ஒரு தனித்தன்மை உண்டு: முட்டி நின்ற இடத்தை உடைத்து வெளியே வருகிற யோசனைகள் அதில் அதிகம். அலைவதால் எல்லாம் கிடைத்துவிடும் என்பவர்களுக்கும், அலைவது வெட்டிவேலை என்பவர்களுக்கும் இந்தக் கணக்கு ஒரே நேரத்தில் பதில் சொல்கிறது.

பிள்ளைகள் விஷயத்துக்கு வந்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம். தர்மபுரியில் 68.5, மாநிலத்திலேயே கடைசி. ‘நாங்கள்தான் படிக்கவில்லை, இவனாவது’ என்ற பெற்றோரின் தவிப்பு எங்கிருந்து வருகிறது என்று இந்த எண் சொல்லிவிடும். அந்தத் தவிப்பை நம்பி இரண்டு மாவட்டங்களிலும் விடுதிப் பள்ளிகள் வளர்ந்தன. விடிவதற்கு முன்பே ஸ்டடி, பள்ளி, மாலை ஸ்டடி, இரவு டெஸ்ட். தேர்வுக்கு முந்தைய மாதங்களில் விளையாட்டு பீரியடும் போய்விடும். மனப்பாடத்துக்கு இது உதவலாம். ஆனால் வாலஸின் நான்கு கட்டத்தில் முதலாவதும் கடைசியும்தான் அந்த அட்டவணையில் இருக்கின்றன. ஒரு மாற்றம் எளிது: மாலை ஸ்டடியை விடை தெரியாத ஒரு கணக்கோடு முடித்துவிட்டு, அதன்பிறகு துணி துவைக்கவோ மைதானத்தைச் சுற்றவோ அனுப்பலாம். திரும்பி வந்ததும் அந்தக் கணக்கையே எடுக்கலாம். இதற்கு ஒரு பைசா செலவில்லை. மதிப்பெண் கூடும் என்று நான் சொல்லவில்லை, அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. முட்டி நிற்கிற கணக்கை விட்டுவிட்டுத் திரும்பி வரலாம் என்ற பழக்கம் வரும்.

அலைகிற மனம் எப்போதும் நல்ல இடத்துக்குப் போவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2010-ல் 2,250 பேரிடம் போன் வழியாக நாளின் பல நேரங்களில் கேட்டுப் பார்த்தார்கள். விழித்திருக்கிற நேரத்தில் ஏறத்தாழ பாதி, 47 சதவீதம், மனம் செய்கிற வேலையில் இல்லை. அப்படி இல்லாதபோது அவர்கள் மகிழ்ச்சி குறைவாகவே இருந்தார்கள். குழுக் கடன் தவணை நாளைக்கு என்றால், எவ்வளவு நல்ல மரத்தடியில் உட்கார்ந்தாலும் மனம் அந்த ஒரே தடத்தில்தான் சுற்றும். யோசனை பிறக்கிற அலைச்சல் இடம் மாறிக்கொண்டே இருக்கும். கவலை ஒரே இடத்தைத் தேய்க்கும். இரண்டாவது வகையில் மாட்டிக்கொண்டவருக்குத் தனிமையை அறிவுரையாகக் கொடுப்பது அநியாயம். அவருக்கு வேண்டியது கூட உட்கார்ந்து பேச ஆள். தூக்கம் கெட்டு, வாரக்கணக்கில் இது தொடர்ந்தால் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம், அல்லது 14416 என்ற இலவச எண்ணுக்குக் கூப்பிடலாம்.

கடைசியாக இரண்டு நடைமுறை விஷயங்கள். இப்படி வருகிற யோசனை வந்த வேகத்திலேயே போய்விடும். பேப்பர், பேனா தேடுகிற நேரத்தில் காணாமல் போகும். பக்கத்தில் இருக்கிறவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது, புளி வாசலில் நடப்பது அதுதான். தனியாக இருந்தால் போனில் பத்து விநாடி பேசிப் பதிந்துவிட்டு மறுபடி உள்ளே போட்டுவிட வேண்டும். அங்கேயே வாட்ஸ்அப்பைத் திறந்தால் கதை முடிந்தது.

இன்னொன்று, இடம். ஓடுகிற பிரஸ் மிஷினுக்கு முன்னால் மனம் அலையக் கூடாது, விரல் போய்விடும். வண்டி ஓட்டும்போதும் கூடாது. நேரான நாலுவழிச் சாலையில் பழகிய டிரைவருக்கு மனம் தானாகவே எங்கோ போகத் தொடங்கும், ஆபத்தும் அங்கேதான். தர்மபுரியிலிருந்து சேலம் போகிற வழியில் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் எத்தனை லாரிகள் கட்டுப்பாடு இழந்து முன்னால் போகிறவர்கள்மேல் ஏறியிருக்கின்றன என்று இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அங்கே யோசனை வந்தால் வரட்டும், இறக்கம் முடிந்து டீக்கடையில் நிறுத்திவிட்டு யோசித்துக்கொள்ளலாம்.